வழிகாட்டி நூலும் கங்காணியும்: பாகான் டத்தோ வட்டாரத்தை முன்வைத்து ஒரு பயண வரலாறு

முன்னுரை

பேராக் ஆறும் பெர்னாம் ஆறும் கடலில் கலக்கும் இடங்களுக்கு இடைப்பட்ட தாழ்நிலமே பாகான் டத்தோ வட்டாரமாகும். நெடுங்காலம் கீழ்ப்பேராக் மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்த இது, 2017 ஜனவரியில் தனி மாவட்டமாக உயர்த்தப்பட்டது. அண்மைக்காலச் சுற்றுலாத் துண்டறிக்கைகள் இவ்வூரைப் பற்றிச் சொல்லும் செய்திகள் பெரும்பாலும் மூன்று: நீர் வற்றுங்கால் வானத்தைப் பிரதிபலிக்கும் மணல்திட்டு, ஒன்பது தீவுகள் எனப் பொருள்படும் பூலாவ் செம்பிலான் தீவுக்கூட்டத்தின் கரையில் இரவில் நீல ஒளி வீசும் நுண்ணுயிர்கள், தென்னை. முதலிரண்டையும் படகோட்டி காட்டிவிடுவார். மூன்றாவதை யாரும் நின்று காட்டுவதில்லை. அது சாலையின் இருபுறமும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அயல்நாட்டுப் பயணிக்கு என்ன காட்டப்படுகிறது, யார் காட்டுகிறார், காட்டுபவருக்கு அதனால் என்ன ஊதியம் ஆகிய வினாக்களைத் தமிழரின் மலாயாப் பயண வரலாற்றோடு பொருத்திப் பார்க்க இக்கட்டுரை முற்படுகிறது. பயணக் குறிப்பு என்பது இன்று ஓய்வுநேர இலக்கியமாகக் கருதப்படுகிறது. ஆனால், இந்நாட்டுத் தமிழருள் பெரும்பாலோரின் முன்னோர் யாரோ ஒருவர் சொன்ன பயணக் குறிப்பை நம்பிக் கப்பலேறியவர்கள். அக்குறிப்பு மெய்யா பொய்யா என்பது அவர்களுக்கு வாழ்வா சாவா என்னும் சிக்கலாக இருந்தது.

ஆற்றுப்படையும் கங்காணியும்

வழிகாட்டுதலுக்கென ஓர் இலக்கிய வகையையே வகுத்துக்கொண்ட மரபு தமிழ் மரபு. பத்துப்பாட்டுள் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வழியில் எதிர்ப்படும் வறிய கலைஞனிடம் தான் பெற்ற பெருவளத்தைக் கூறி, அவ்வள்ளலிடம் செல்லும் வழியைக் காட்டுவது இதன் இலக்கணம். இவ்வைந்தனுள்ளும் பயணக் குறிப்பு என்ற அளவில் மிகச் சிறந்தது மலைபடுகடாம் என்பது என் கருத்து. பன்றிக்கு வைத்த பொறி எங்கிருக்கும், பாம்புகள் உறையும் குழிகள் எவை, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் எத்திசையிலிருந்து வரும், வழுக்கும் பாறையில் எவ்வாறு அடியெடுத்து வைப்பது என்றெல்லாம் அந்நூல் எச்சரித்துச் செல்கிறது. புரவலனின் புகழைப் பாட வந்த நூல் அவன் மலையின் இடர்களை மறைக்கவில்லை என்பது இங்கு நோக்கத்தக்கது.

மலாயாவுக்கு ஆள் சேர்த்த கங்காணி முறையை இவ்விலக்கணத்தோடு ஒப்பிட்டால் வியப்பூட்டும் ஒற்றுமை புலப்படும். கங்காணியும் போய்த் திரும்பியவனே. தோட்ட நிர்வாகம் கொடுத்த உரிமச்சீட்டோடு சொந்த ஊருக்கு வந்து, தன் உறவினரையும் தன் சாதியாரையும் அக்கம்பக்கத்து வறியவரையும் கண்டு, தான் பெற்ற வளத்தைக் கூறி, அவ்வளம் தரும் துரையிடம் அவர்களை ஆற்றுப்படுத்தினான். உடுத்திய உடையும் கையிலிருந்த காசும் அவன் சொல்லுக்குச் சான்றாயின. அங்கே மரத்தில் பணம் காய்க்கும் என்று கங்காணிகள் ஆசை காட்டினர் என்பது தோட்டப்புறத்தில் இன்றும் வழங்கும் வாய்மொழி.

வேற்றுமைகள் இரண்டு. ஆற்றுப்படுத்தும் பாணனுக்கு அதனால் கூலி இல்லை. கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று தரகு உண்டு. போதாமைக்கு, தான் கொணர்ந்த ஆள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசும் உண்டு. அதாவது, வழிகாட்டி தன் பயணிகளை விட்டு நீங்குவதே இல்லை; அவர்களின் நாட்கூலியோடு அவன் வருவாய் பிணைக்கப்பட்டிருந்தது. இரண்டாவது வேற்றுமை இன்னும் முக்கியமானது. மலைபடுகடாம் சொன்ன பாம்பையும் குழியையும் கங்காணி சொல்லவில்லை. மலேரியாவைச் சொல்லவில்லை. கடனைச் சொல்லவில்லை. இது தனிமனிதன் ஒருவனின் தீயொழுக்கம் என்று மட்டும் கொள்வதற்கில்லை. ஆள் வராவிட்டால் தரகு இல்லை என்ற ஏற்பாட்டில் எச்சரிக்கைக்கு இடமே இல்லாமற் போயிற்று. கங்காணியும் பல வேளைகளில் அதே லயத்தில் குடியிருந்தவன்தான்.

ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் சட்டப்படி முடிவுக்கு வந்தபின் கங்காணி முறையே ஆள்சேர்ப்பின் முதன்மை வழியாயிற்று. அதற்குமுன் 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டு, தொழிலாளரை அமர்த்தும் தோட்டங்கள் அனைத்தும் பயணச் செலவைப் பகிர்ந்துகொள்ளும் நிலை உருவாகியிருந்தது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்கள், அங்கிருந்து ஏறத்தாழ ஒரு வாரக் கப்பற்பயணம், பினாங்கில் இறங்குவோர்க்குப் பூலாவ் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவல், பிறகு தோட்டம். பயணச்சீட்டு, உணவு, தங்குமிடம், வழித்துணை யாவும் பிறர் ஏற்பாடு. சொற்பொருள் அளவில் இதுவும் ஒரு வழிநடத்தப்பட்ட சுற்றுப்பயணமே. திரும்பும் நாள் மட்டும் அதில் குறிக்கப்படவில்லை.

1922ஆம் ஆண்டு இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் இந்நிலையைச் சீர்செய்ய முயன்றது. கங்காணியின் உரிமச்சீட்டைக் கிராம அதிகாரி பார்த்து உறுதி செய்தல் வேண்டும். மலாயாவில் இந்திய அரசின் முகவர் ஒருவர் அமர்ந்து தொழிலாளர் நிலையைக் கண்டு ஆண்டுதோறும் அறிக்கை அனுப்புதல் வேண்டும். வழிகாட்டியின் சொல்லைச் சரிபார்க்க மூன்றாமவர் ஒருவர் தேவை என்பதை அரசு ஏற்றுக்கொண்ட தருணமாக இதனைக் கருதலாம்.

துரைமார்க்கு ஒரு வழிகாட்டி நூல்

அதே 1910இல் இலண்டனில் மலாய் மாநிலங்களின் தகவல் நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. அது வெளியிட்ட நூல்களுள் குறிப்பிடத்தக்கது, கத்பர்ட் உட்வில் ஹாரிசன் எழுதிய கூட்டு மலாய் மாநிலங்களுக்கான படவிளக்க வழிகாட்டி. மலாயாவில் ஆட்சிப் பணியில் இருந்தவர் இவர். 1909இல் பிறையிலிருந்து ஜொகூர் பாரு வரை இரயில்பாதை நிறைவுற்றதும், பினாங்கில் இறங்கும் ஐரோப்பியப் பயணி சிங்கப்பூர் வரை தரைவழியே சென்று நாட்டைக் காணும் வாய்ப்பு உருவாயிற்று. அவ்வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ளத் தூண்டும் நூல் இது. பலமுறை மறுபதிப்பும் கண்டது. வேட்டைக்காரர்க்கும் காருந்து ஓட்டுவோர்க்கும் அருங்காட்சியகத்துக்கு உயிரினம் சேகரிப்போர்க்கும் தனித்தனிக் குறிப்புகளும் அதில் உண்டு.

இக்கட்டுரையாளர் தம் முனைவர் பட்ட ஆய்வின்பொருட்டு வெளிநாட்டில் தங்கியிருந்த ஆண்டுகளில் இந்நூலைப் படிக்க நேர்ந்தது. நகைச்சுவையும் மொழிவளமும் நிரம்பிய நூல் அது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், அந்நூலின் வாசகனும் ஆவடி முகாமிலிருந்து வந்தவனும் ஒரே துறைமுகத்தில், ஒருவேளை ஒரே நாளில்கூட, இறங்கியிருக்கக்கூடும் என்ற எண்ணம் படிக்குந்தோறும் எழாமல் இராது. ஒருவன் கையில் நூல். மற்றவன் முன்னே கங்காணி. முன்னவனுக்குக் காட்சியாக விரிந்த இரயில்பாதையும் சாலையும் இரப்பர்க்காடும் பின்னவனுக்குப் பணியிடம்.

இத்தகைய வழிகாட்டி நூல்களின் மெருகை ஐயுற்றவர் ஆங்கிலேயரிடையேயும் இருந்தனர். இசபெல்லா பேர்டு அம்மையார் 1879இல் மலாய் மாநிலங்களில் சில வாரங்கள் பயணம் செய்து, 1883இல் பொன்னாடு என்னும் பொருள்படும் தலைப்பில் தம் நூலை வெளியிட்டார். ஈராண்டு கழித்து எமிலி இன்னஸ் என்பார் அதே பொன்னாட்டைப் பூச்சு உதிர்ந்த நிலையில் காட்டுவதாகத் தலைப்பிலேயே அறிவித்து மறுநூல் எழுதினார். அரசு அலுவலரின் மனைவியான அவர் வாழ்ந்த இடங்களுள் ஒன்று, இன்றைய தெலுக் இந்தானை அடுத்த டுரியான் செபாத்தாங். பாகான் டத்தோவுக்கு ஆற்றின் மேற்புறம் உள்ள ஊர். பெருந்தலைவர்களின் விருந்தாளியாகப் பயணம் செய்தவர் கண்ட நாடும், சேற்றிலும் கொசுவிலும் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தவர் கண்ட நாடும் வேறு வேறு என்பதே இன்னஸ் அம்மையாரின் வாதம். பேர்டு பொய் சொன்னார் என அவர் கூறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விருந்தாளிக்குக் காட்டப்பட்டது அவ்வளவே. எனினும் இன்னஸின் நூலிலும் கூலிக்கு வந்தவர்களின் குரல் கேட்பதில்லை.

சேற்றுநிலமும் தென்னையும்

பேராக் அரசமரபின் தொன்மத்தில் இக்கடற்கரைக்கு நிலையான இடம் உண்டு. 1528இல் முதல் சுல்தானாகிய முசாபர் ஷா வந்த கலம், ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள பெத்திங் பெராஸ் பாசா என்னும் மணல்திட்டில் தட்டி நின்றதாகவும், பாரம் குறைக்கப் பொருள்களை எறிந்தும் அசையாத கலம் முடியையும் கடலில் இட்டபின்னரே மிதந்ததாகவும் கூறுவர். சுல்தான்களின் பதவியேற்பு மரபில் இத்திட்டு இன்றும் இடம்பெறுகிறது.

அரசனின் கலம் தட்டிய அதே சேறும் வண்டலும்தான் பிற்காலத்தில் பெருமுதலை ஈர்த்தன. கடல்வண்டல் நிலத்தில் கடல்நீரைத் தடுக்கக் கரையெழுப்பி, உள்நீரை வடிக்கக் கால்வாய் வெட்டினால் தென்னை செழிக்கும். ஜாவானியரும் பஞ்சார் இனத்தாரும் சிறுநிலங்களில் அவ்வாறு தென்னை வளர்த்தனர். பெருந்தோட்டங்களில் அப்பணிக்குத் தமிழரும் தெலுங்கரும் கொணரப்பட்டனர். கீழ்ப்பேராக்கின் தென்னந்தோட்டங்களில் தெலுங்கர் மிகுதியாகக் குடியேறியமையால், மலேசியத் தெலுங்கரின் வரலாற்றில் பாகான் டத்தோவுக்குத் தனியிடம் உண்டு. நம் துறைசார்ந்த ஆய்வுகள் இதனை இன்னும் போதிய அளவு பேசவில்லை. தமிழ்ப்பள்ளியில் படித்து, வீட்டில் தெலுங்கு பேசி, கோயிலில் இரண்டிலும் வழிபட்ட குடும்பங்களின் வாழ்வு மொழிவாரியான நம் பகுப்புகளுக்குள் எளிதில் அடங்குவதில்லை.

ஊத்தான் மெலிந்தாங் அருகிலுள்ள ஜெண்டராத்தா தோட்டத்தின் கதை இங்குக் கூறத்தக்கது. டென்மார்க்கைச் சேர்ந்த பொறியாளர் ஆகே வெஸ்டென்ஹோல்ஸ் 1906இல் தொடங்கிய இரப்பர் நிறுவனம் அது. பின்னாளில் யுனைடெட் பிளாண்டேஷன்ஸ் ஆக வளர்ந்தது. இதே வெஸ்டென்ஹோல்ஸ், கென்யாவில் தம் மருமகள் கேரன் பிளிக்சன் நடத்திய காப்பித் தோட்ட நிறுவனத்துக்குத் தலைவராகவும் இருந்து பொருளுதவி செய்தார். அத்தோட்டம் 1931இல் கைவிட்டுப் போயிற்று. அவ்வம்மையார் 1937இல் எழுதிய ஆப்பிரிக்க நினைவுநூலும் 1985இல் வெளிவந்த திரைப்படமும் அதற்கு உலகப்புகழ் சேர்த்தன. நைரோபிக்கு அருகே அவர் வாழ்ந்த இல்லம் இன்று அருங்காட்சியகம். உலகெங்கிலுமிருந்து பயணிகள் அதனைக் காணச் செல்கின்றனர். தோல்வியுற்ற காப்பித் தோட்டம் காட்சிப்பொருளாயிற்று. வெற்றி கண்ட ஜெண்டராத்தாவில் உழைத்தோரின் நினைவுநூலை நாம் எங்கே தேடுவது? ஒரு தோட்டத்தைச் சுற்றுலாத்தலம் ஆக்குவது அதன் விளைச்சலன்று, அதனைப் பற்றி எழுதப்பட்ட நூலே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நம்மவரிடம் நூல்களே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. முத்தம்மாள் பழனிசாமியின் 'நாடு விட்டு நாடு' போன்ற தன்வரலாறுகள் உண்டு. அவற்றைக் கையிலேந்தி ஊரைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டிகள்தாம் இல்லை.

அறிக்கை எழுத வந்த விருந்தினர்

வழிநடத்தப்பட்ட பயணத்தின் பயனையும் குறையையும் ஒருங்கே காட்டும் நிகழ்ச்சி, வி. எஸ். சீனிவாச சாஸ்திரியாரின் மலாயா வருகையாகும். இந்திய அரசின் சார்பில் தொழிலாளர் நிலையை ஆராய 1936ஆம் ஆண்டின் இறுதியில் வந்த அவர், சில வாரங்கள் சுற்றிப்பார்த்து 1937இல் அறிக்கை அளித்தார். பொருளாதார மந்தத்தில் வெட்டப்பட்ட கூலியை ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்ற பழைய அளவுக்கு மீட்கவேண்டும் என்றும், கங்காணி வழியான ஆள்சேர்ப்பைக் கைவிடவேண்டும் என்றும் அவர் பரிந்துரைத்தார். ஆயினும், அரசு உதவியுடன் ஆட்கள் குடிபெயர்வதைத் தடுக்கக் காரணம் ஏதுமில்லை எனவும் முடிவு கூறினார். 1936இல் தோன்றிய மலாயா மத்திய இந்தியச் சங்கம் இம்முடிவை ஏற்கவில்லை.

சாஸ்திரியாரின் நேர்மையை ஐயுற இடமில்லை. ஆனால் வருகையாளர் வருவது முன்கூட்டியே தெரிந்த தோட்டத்தில் அவர் காண்பது எது? லயத்துக்குச் சுண்ணாம்பு பூசப்படும். மருத்துவமனையில் விரிப்பு மாற்றப்படும். இது மலாயாத் தோட்டங்களுக்கு மட்டும் உரிய வழக்கமன்று, பள்ளி ஆய்வாளர் வரும் நாளில் நம் பள்ளிகளும் செய்வதுதான். சில வாரங்களில் பல தோட்டங்களைக் காணும் விருந்தினர், துரையும் கிராணியும் அருகில் நிற்கத் தொழிலாளியிடம் கேட்கும் கேள்விக்கு வரும் விடை எத்தகையதாக இருக்கும் என்பதை ஊகித்தறியலாம். ஆண்டு முழுதும் இங்கிருந்து எழுதிய முகவரின் அறிக்கைகளையும், சங்கத்தின் முறையீடுகளையும், சாஸ்திரியாரின் அறிக்கையையும் அருகருகே வைத்துப் படிப்பதே ஆய்வாளர்க்கு உகந்த வழி. 1938 ஜூனில் இந்திய அரசு உதவிபெற்ற குடிபெயர்வைத் தடைசெய்தது. கங்காணியின் ஆற்றுப்படை அத்துடன் நின்றது.

ஊருக்குப் போன கப்பல்கள்

பயணத்தின் திசை பிறகு மாறிற்று. தோட்டத்தில் சேர்த்த பணத்தோடு ஊரைப் பார்த்து வருவதே ஒரு தலைமுறையின் வெளிநாட்டுச் சுற்றுலாவாக இருந்தது. 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களை இணைத்து, போர்க்காலம் நீங்கலாக 1973 வரை ஓடிற்று. ஆயிரக்கணக்கானோர் மேற்றளத்தில் பாய்விரித்துப் பயணம் செய்தனர். பாகான் டத்தோ, ஊத்தான் மெலிந்தாங் தோட்டத்தார் தெலுக் ஆன்சன் வந்து (1982இல்தான் அது தெலுக் இந்தான் ஆயிற்று), அங்கிருந்து தாப்பா ரோடு வரை செல்லும் கிளை இரயிலில் முதன்மைப் பாதையை அடைந்து பினாங்குக்குச் செல்ல முடிந்தது. ரஜூலாவுக்குப்பின் 'சிதம்பரம்' கப்பல் அவ்வழியில் ஓடியது. 1985 பிப்ரவரியில் அதில் ஏற்பட்ட தீவிபத்தில் பலர் உயிரிழக்க, அக்கடற்பயணமும் முடிவுற்றது.

இக்காலத்துப் பயணக் குறிப்புகள் அச்சேறவில்லை, வாய்மொழியாகவே வழங்கின. கடற்குமட்டலுக்கு எலுமிச்சை ஊறுகாய் கொண்டு செல்; பெட்டியின்மேல் பெயரைப் பெரிதாக எழுது; சுங்கத்தில் கேட்டால் ஒளிக்காதே; ஊரில் எல்லாரும் கடன் கேட்பார்கள், கையிலிருப்பதை முழுவதும் சொல்லாதே. இறுதிக் குறிப்பில் ஒரு வரலாற்று முரண் அடங்கியுள்ளது. கங்காணி தன் செழிப்பைக் காட்டி ஆள்சேர்த்தான். அவன் சேர்த்த ஆளின் பிள்ளைகளோ தம்மிடம் இருப்பதை மறைக்கக் கற்றனர். வேறு சிலர் இல்லாததை இருப்பதாகக் காட்டி, பொன்னும் கடிகாரமும் கடன் வாங்கி அணிந்து சென்றனர் என்றும் தோட்டப்புற முதியோர் சிரித்துக்கொண்டே சொல்வர்.

அச்சேறிய தமிழ்ப் பயண இலக்கியம் வேறொரு தளத்தில் வளர்ந்தது. ஏ. கே. செட்டியார் (1911–1983) தம்மை 'உலகம் சுற்றும் தமிழன்' என்று அறிமுகப்படுத்திக்கொண்டார்; 1943இல் தொடங்கிய 'குமரி மலர்' இதழில் பழைய பயணக் கட்டுரைகளைத் தேடி வெளியிட்டார். சோமலெ, மணியன் ஆகியோர் வெளிநாடுகளை நடுத்தர வாசகர்க்கு அறிமுகம் செய்தனர். இவர்களின் உழைப்பு பெரிது. ஆயினும் மலாயாவுக்கு வந்து எழுதிய தமிழ்நாட்டு எழுத்தாளர் பலர்க்குத் தோட்டம் என்பது பொன்னாடையும் தேநீரும் கிடைத்த ஒரு மாலைப்பொழுதாகவே இருந்தது என்று சொல்வது மிகையன்று.

இன்று வருவோர்க்கு

2008 டிசம்பரில் ஏர் ஆசியா கோலாலம்பூரையும் திருச்சிராப்பள்ளியையும் இணைத்தபின் இருபுறமும் பயணிகள் பெருகினர். 2023 டிசம்பர் முதல் இந்தியக் குடிமக்கள் முப்பது நாள் வரை விசா இன்றி மலேசியா வரலாம் என்ற ஏற்பாடும் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டுக் குழுச் சுற்றுலாக்கள் வழக்கமாகச் செல்லும் இடங்கள் பத்துமலை, இரட்டைக்கோபுரம், கெந்திங் ஆகியன. பாகான் டத்தோ அவற்றின் நிரலில் இல்லை. தம் கொள்ளுப்பாட்டனின் தம்பி எந்தத் தோட்டத்துக்குப் போனார் என்று தெரியாத குடும்பங்கள் தஞ்சை, திருச்சி, சேலம் மாவட்டங்களில் பல. கோலாலம்பூரிலிருந்து காலையில் புறப்பட்டால் மாலைக்குள் திரும்பிவிடக்கூடிய தொலைவில் அத்தகைய தோட்டங்கள் இருக்கின்றன என்பதைச் சுற்றுலா முகவர் அவர்களிடம் கூறுவதில்லை. தரகு இல்லாத இடத்துக்கு வழிகாட்டி இல்லை.

அவ்வாறு வர விரும்புவோர் சிலவற்றை அறிந்து வருதல் நன்று. வான்பிரதிபலிப்பு மணல்திட்டு, கடல்நீர் மிகவும் வற்றும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களிலேயே நன்கு வெளிப்படும். ஆகவே, முதலில் நாட்காட்டியைப் பார்த்துப் பிறகு படகுக்குச் சொல்ல வேண்டும். நீல ஒளிக்கோ நிலவில்லாத இரவு வேண்டும். ஆகையால், இரண்டையும் காண எண்ணுவோர் அமாவாசையை ஒட்டி வருவதே தக்கது. தோட்டங்கள் தனியார் நிலம்; அலுவலகத்தில் இசைவு பெறாமல் உள்ளே செல்லலாகாது. பல தோட்டங்களில் இன்று வேலை செய்வோர் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் ஆவர். பழைய குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன; தென்னையும் பல இடங்களில் செம்பனைக்கு வழிவிட்டது. ஆகவே, தோட்டத்துக்குள் நுழைந்து தமிழரைத் தேடுவதினும், சாலையோரக் கோயில்களிலும் தமிழ்ப்பள்ளிகளிலும் விசாரிப்பது பயன்தரும். திருவிழா நாளாயின் மேலும் நல்லது. பெயர்ந்துபோன குடும்பங்கள் அன்று திரும்பி வருகின்றன.

வழிகாட்டியாக வரும் படகோட்டியிடமோ வண்டியோட்டியிடமோ ஒரு வினாவைத் தவறாமல் கேட்கலாம்: இந்த வடிகாலை வெட்டியவர் யார்? விடை தெரிந்தவர் சில வேளை வண்டியை நிறுத்தி, கரையோரம் கிடக்கும் ஒரு பழைய மதகையோ, கூரை சரிந்த ஒரு லயத்தையோ காட்டி, அங்கு முன்னர்க் குடியிருந்தோரின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்குவார்.